மேல் பாதி மண்

எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். இருபது வருஷம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து, களைக்கு மருந்தடித்தவள் நான். என் நிரையில் ஒரு புல் தலை தூக்கினாலும் எனக்குச் சோறு இறங்காது. எங்களை வேலை வாங்கும் மண்டோரே மற்றப் பெண்களைக் கூட்டி வந்து, “பாரு, சுத்தம்னா இதுதான்” என்று காட்டுவார். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்தில் மேல் பாதி எனக்கு, கீழ் பாதி தம்பிக்கு. அவனுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில், கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை. மேட்டின் அடியில்தான் வீடு கட்டியிருந்தான். அவன் பாதியில் செம்பனைகளுக்கு நடுவே புல்லும் கொடியும் இடுப்பளவு. வெட்டிய மட்டைகளையும் அங்கேயே மக்க விட்டிருந்தான். பாம்பு வளர்க்கிறாயா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்.

போன வருஷம் வெயில் மாதக்கணக்கில் கொளுத்தியது. என் பாதியில் மிச்சமிருந்த கொஞ்சம் புல்லுக்கும் மருந்தடிக்கப் போனேன். தம்பி வந்து பம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, இப்ப மழை பழைய மழை இல்ல லா. காஞ்சா காயுது, பேஞ்சா கொட்டுது. வெறும் மண்ணு தாங்காது. மண்ணுல மக்கிக் கெடக்கிற கரியும் கரியமில வாயுவாகிக் காத்துல கலந்து இன்னும் சூட்டைத்தான் ஏத்தும். புல்ல விட்ரு அக்கா. என் வீடு கீழ இருக்கு.”

“சிப்பு செய்றவன் எனக்கு மண்ணப் பத்திப் பாடம் எடுக்கிறியா?” என்றேன்.

அவன் பம்பை விடவில்லை. மருந்துக் குழாயால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் போனதும் அந்தப் புல்லையும் கொன்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம், ஒரு மத்தியானம் மழை வந்தது. இறுகிக் கிடந்த என் நிலத்துக்குள் தண்ணீர் இறங்கவில்லை. மேல்மண்ணைப் பெயர்த்து, இரண்டு செம்பனைகளை வேரோடு இழுத்துக்கொண்டு சேறாகப் பாய்ந்தது. தம்பியின் புல் கொஞ்சம் தடுத்தது, மிச்சம் அவன் சமையலறைச் சுவரை இடித்துத் தள்ளியது. அவன் மனைவி உள்ளே இருந்தாள்.

ஓடிப்போய் வெறுங்கையால் தோண்டினேன். அவள் அலறினாள். உயிரோடு இருக்கிறாள் என்று அந்த அலறலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தம்பி வந்து சேர்ந்தான். அவள் காலைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், என்னை அறைந்தான். சேற்றில் விழுந்தேன். எழுந்ததும் மறுபடி அறைந்தான். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம்.

யாரிடமும் அடி வாங்கிக்கொண்டு சும்மா நின்றதில்லை நான். அன்றைக்கு நின்றேன்.