இலையை நம்பி நட்ட கிழங்கு

என் அப்பா தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கோபமும் அப்படித்தான், ஒரே வெட்டு. நான் பக்கத்துத் தோட்டத்து ஆளை விரும்பிக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. தன்னைக் கேட்காமல் நடந்துவிட்டதே என்பதுதான் அவருக்கு ஆத்திரம். தலைத் தீபாவளிக்கு எங்களை அழைக்கவில்லை. அடுத்த வருடம் ஆடியிலேயே அம்மா சொல்லி அனுப்பினார்: “தீபாவளிக்குத் துணி குடுக்க அப்பா வருவாரு. ஆனா ஒங்க வீட்டுல கை நனைக்க மாட்டாராம்.”

எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு வீட்டில் சாப்பிடவில்லை என்றால் அந்த உறவே வேண்டாம் என்று அர்த்தம். நான் அழுது தீர்த்தேன்.

என் வீட்டுக்காரர் அழுகிற ரகம் இல்லை. “ஒங்கப்பாவுக்கு என்னா கறி புள்ள பிடிக்கும்?” என்று கேட்டார். உருளைக்கிழங்குப் பிரட்டல் என்றால் உயிர் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கந்தப்பளைக்குப் போய் விதைக்கிழங்கு வாங்கி வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த எங்கள் துண்டு நிலத்தில் நட்டுவிட்டார்.

“கடையில வாங்குனா ஆகாதா?” என்றேன்.

“நம்ம கையால வெளைய வச்சத வேணாம்னு எப்பிடிச் சொல்லுவாரு?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் இருவருமே தேயிலையில் பிறந்து வளர்ந்தவர்கள். இலையைப் பார்த்துத்தான் செடியை மதிப்போம். அவருக்குத் தோட்டத்தில் உரம் போடுகிற வேலை. காலிச் சாக்குகளை உதறி எடுத்த தேயிலை உரத்தையெல்லாம் கிழங்குக்கே கொட்டினார். செடி என்ன வளர்த்தி! இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை. லயத்துச் சனமெல்லாம் வந்து பார்த்து வாயைப் பிளந்தது. கண் பட்டுவிடுமே என்று நான் ஒரு பிய்ந்த செருப்பை வேறு கட்டித் தொங்கவிட்டேன்.

தீபாவளி காலையில் அப்பா வந்தார். துணிப் பையை வாசலிலேயே வைத்தார். உள்ளே கூப்பிட்டதற்கு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று முகத்தைத் திருப்பினார். திருப்பிய முகத்துக்கு நேராகப் பாத்தி இருந்தது. ஆயுசு முழுக்கச் செடியோடு கிடந்த மனிதர் அல்லவா, கால் தானாக அங்கே போய்விட்டது. இலையைத் தடவிப் பார்த்தார்.

“என்னா ஒரம்?” என்று செடியிடம் கேட்டார்.

“தேயிலை ஒரந்தாங்க மாமா” என்று என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

“கீழ மூட்டை மூட்டையா கெடக்கும் போலயே” என்றவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை என் வீட்டுக்காரர் எடுத்தபோது, “கிழங்கு வெட்டுப்பட்டுரும், தள்ளு” என்று அவரை விலக்கிவிட்டுத் தன் கையாலேயே மண்ணைத் தோண்டினார்.

முதல் செடியில் பாக்களவில் மூன்று நான்கு கிழங்குதான் இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அப்பா நம்பவில்லை. “அந்த ஓரத்துல இருக்கும்” என்று நகர்ந்தார். பஸ் போகிற சத்தம் கேட்டது. அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. பாத்தி முழுக்கத் தோண்டி முடித்தபோது முழங்கை வரைக்கும் மண். கிடைத்த கிழங்கெல்லாம் ஒரு சுளகின் அடியைக்கூட மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது.

அப்பா சுளகைப் பார்த்தார். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “தேயிலை ஒரம் எலையத்தானே வளக்கும்! எலைய நம்பி மோசம் போயிட்டமே, மாப்ள” என்றார்.

நான் ஒரே ஓட்டமாக அடுப்படிக்கு ஓடினேன். குட்டிக் கிழங்குகளைத் தோலோடு அவித்து, காய்ந்த செத்தல் மிளகாயும் கருவேப்பிலையும் போட்டுப் பிரட்டினேன். அப்பா கைகால் கழுவி வந்து, யாரும் சொல்லாமலே பாயில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். கடைசியில் சட்டியை வாங்கி வழித்தார். எங்களுக்கு ஒரு கிழங்குகூட மிஞ்சவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம்.