எனக்கு முன்னால் புறப்பட்ட கைப்பை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஒரே வீதிதான், ஏ ஒன்பது. எங்கும் திரும்ப வேண்டியதில்லை. வழி தவற வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகப் பாடுபட வேண்டும். சாதாரண வேகத்தில் போனாலும் ஒன்றேகால் மணி நேரம். அந்தப் பயணத்துக்கு நான் இரண்டு வாரம் திட்டம் போட்டேன்.

லைசன்ஸ் கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுத்துப் பரீட்சையில் ஒரே தடவையில் தேறினேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு படிவத்தை யாரிடமும் கேட்காமல் நிரப்பிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்தை ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் படம் வரைகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆனால் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்குள் நுழைந்துவிட்டால் என் படிப்பெல்லாம் வாசலில் செருப்போடு நின்றுவிடும்.

தம்புள்ளையில் இருக்கும் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, புது வீடு கட்டியிருந்தார். சனிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே கால் வரை. கூடப் பிறந்த அண்ணன் வந்து நின்ற பிறகுதான் பால் பொங்க வேண்டும். அண்ணன் இல்லாமல் பொங்கினால் வாழ்நாள் முழுக்கப் பேச்சு வரும். எனவே அப்பாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்று நானாகவே அறிவித்தேன். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரம்மா தன் சின்னக் காரை ஒருநாள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இது கேள்விப்பட்டதும் அத்தை போன் எடுத்தார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். லயத்தில் பாதிப்பேர் கேட்டிருப்பார்கள்.

“அண்ணே, பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டியில ஏறிவந்து என் வீட்டு விசேஷத்த கெடுத்துறாதீங்க. பஸ்ஸுல வாங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார்: “போறது புள்ளயோட. வர்றத அப்புறம் பாப்போம்.”

அந்த ‘அப்புறம் பாப்போம்’ எனக்கு நன்றாகப் புரிந்தது. போகிற வழியில் ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் அப்பா திரும்பி பஸ்ஸில்தான் வருவார். அதற்குப் பிறகு நான் ஓட்டும் எந்த வாகனத்திலும் ஏற மாட்டார். எங்கள் வீட்டில் தீர்ப்புகளுக்கு மேன்முறையீடு கிடையாது.

ஆகவே அட்டவணை போட்டேன். கோடு போட்ட தாளில், சிவப்புப் பேனாவில். ஒன்பது பத்துக்குத் தோட்டத்தை விடுவது, ஒன்பது முப்பதுக்கு அலுவிகாரை, ஒன்பது நாற்பதுக்குப் பலாபத்வல, பிறகு நாலந்தா, நாவுலை, பத்தே முக்காலுக்கு அத்தை வீட்டு வாசல். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வாந்தி எங்க எடுக்கிறது?” என்றாள் அம்மா.

“ஏன்மா வாந்தி எடுக்கணும்?”

“எடுக்கணும்னு சொல்லல. எடுத்தா எங்கன்னு எழுதலயே.”

அடுத்த ஒரு வாரத்தில் என் ஒரு பக்கத் திட்டத்தோடு வாந்தி எடுக்கப் பதினொரு சிலிசிலி பிளாஸ்டிக் பை, மூன்று தோடம்பழம், தைலம், நான்கு டயருக்கும் நசுக்க நான்கு எலுமிச்சம்பழம், நடுவழியில் சாப்பிட ரொட்டியும் கட்டைச் சம்பலும் சேர்ந்துகொண்டன. விருந்து வீட்டுக்குத்தானே போகிறோம் என்று கேட்டேன். “வண்டி நின்னுட்டா?” என்றாள். நின்றால் வழியெல்லாம் கடை இருக்கிறதே என்றேன். “கடை பூட்டியிருந்தா?” என்றாள். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் நாங்கள் நெல் விதைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

உண்மையான சிக்கல் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அம்மா நாட்காட்டி முன்னால் நின்று, “ஒம்போதுலருந்து பத்தரை ராகு காலம்டி,” என்றாள். என் அட்டவணையில் பயணம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. முன்னதாகக் கிளம்பவும் முடியாது. கார்க்கார டீச்சர் மகனை டியூஷனில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் காரைக் கொண்டுவருவார்.

“ராகு காலத்துல ஏ ஒன்பதுல ஆயிரம் வண்டி போகுதும்மா.”

“அவங்கல்லாம் என் மகளா?”

ஆனால் அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை ராகு காலத்துக்கு முன்பே வீட்டைவிட்டு வெளியேற்றி இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகும் வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ராகுவை இவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியுமானால் அவருக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்க வந்தேன். பால் காய்ச்சும் வீட்டுக்குப் போகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா எட்டே முக்காலுக்கு என் கைப்பையை எடுத்துக்கொண்டுபோய் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு அது தெரியாது. ஒன்பது மணிக்குக் கார் வந்தது. அப்பா வெள்ளை வேட்டியில், இரண்டு கையிலும் சீர்த்தட்டோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முகத்தோடு பின் ஆசனத்தில் ஏறினார். நான் கைப்பையைத் தேடினேன்.

“அது எப்பவோ கெளம்பிருச்சு,” என்றாள் அம்மா பெருமையாக. “வண்டி ஓட்டுறவ நீ. அதனால ஒன் சாமான்தான் மொதல்ல போகணும். பக்கத்து வீட்டுல இருக்கு, போய் எடு.”

போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு.

என் லைசன்ஸ் அந்தப் பைக்குள் இருந்தது.

பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டது.

“பெரியம்மா, என் பை எங்க?”

“மடியில வச்சிருக்கேன் தாயி. பத்திரமா இருக்கு.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“பஸ்ஸுல. பலாபத்வலயில மக வீட்டுக்குப் போறேன்ல.”

“பைய ஏன் கொண்டு போனீங்க?”

“வேற என்ன செய்யச் சொல்ற? நான் கதவ பூட்டிட்டு வரணும். கெளம்பின பயணத்த பூட்டின வீட்டுக்குள்ள வச்சா அது எப்பிடி போகும்? ஒங்க வீட்டுக்கே திருப்பிக் குடுத்தா அதவிடக் கேடு. அதான் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன். நீ ஒண்ணுக்கும் பயப்படாத, ஒன் பயணம் நல்லாப் போய்க்கிட்டிருக்கு.”

என் பயணம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் இல்லாமல்.

“இதுக்கு என்ன இப்ப?” என்றாள் அம்மா. “ஒனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. பலாபத்வல வரைக்கும் அப்பிடியே ஓட்டு.”

“லைசன்ஸ் இல்லாம ஒரு அடி ஓட்ட மாட்டேன்,” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. அந்த அட்டைக்காக நான் படித்த படிப்பு எனக்குத்தான் தெரியும். அப்பா பின் ஆசனத்திலிருந்து மெதுவாக, “ஒம்போது மணி பஸ் போயிருக்கும். ஒம்போதரை பஸ் இருக்கு,” என்றார். சீர்த்தட்டோடு ஒரு காலை ஏற்கெனவே வெளியே வைத்திருந்தார்.

காரைக் கொடுத்துவிட்டுப் போக நின்ற டீச்சர் அந்தக் காலைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். “அங்கிள், காலை உள்ளுக்கு எடுங்க. பலாபத்வல மட்டும் நான் ஓட்டுறேன். அங்கிருந்து நான் பஸ்ஸுல வந்து மகனைக் கூட்டிக்கொள்றேன். அல்லாஹ் எல்லாத்தையும் லேசாக்குவான்,” என்றார்.

அம்மா எலுமிச்சம்பழங்களை வைத்தாள். டீச்சர் பிஸ்மில்லாஹ் சொல்லி அவற்றின் மேல் ஏற்றினார். நான் முன் ஆசனத்தில் அட்டவணையோடு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அலுவிகாரை வளைவுகளில் தேங்காய் வெட்டுகிறவர் மாதிரிச் சட்சட்டென்று திருப்பினார். என்னோடு வருவதற்கு இரண்டு வாரம் பயந்த அப்பா, முன்பின் தெரியாத அவர் ஓட்டும்போது குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு அழுகை வந்தது. அட்டவணையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பலாபத்வலயில் பெரியம்மா சந்தியிலேயே நின்றார். பையின் நெற்றியில், பைக்கு நெற்றி இருந்தால் அந்த இடத்தில், திருநீறும் குங்குமமும் பூசியிருந்தார். “சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்புட்டேன்,” என்றார். நேரம் பத்து மணியைத் தாண்டியிருந்தது. டீச்சர் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். நான் லைசன்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனேன்.

“அத இங்க குடு,” என்றார் அப்பா. அவர் முழித்துவிட்டிருந்தார். “இனிமே அந்தப் பைய நம்ப முடியாது.” வாங்கிச் சட்டைப் பையில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டார். பின் ஆசனத்திலிருந்து இறங்கி வந்து முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்தார். லைசன்ஸும் சாரதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டினேன். நாலந்தா வரை அப்பா இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மாடு ஒன்று தொலைவில் வயலில் நின்றபோதும் மிதித்தார். அம்மா மூன்று சிலிசிலி பையை விரித்து வைத்துக்கொண்டு யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

நாவுலைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். அவர் குனிந்து லைசன்ஸ் கேட்டார். நான் அப்பா பக்கம் திரும்புவதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, இரண்டு கையாலும், கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

“மகே துவ, சேர்,” என்றார் சிங்களத்தில். என் மகள், ஐயா. “டீச்சர்.”

பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பா அதோடு விடவில்லை. பரீட்சையை ஒரே தடவையில் பாஸ் பண்ணினாள் என்றார். தோட்டத்திலேயே முதல் ஆள் என்றார். அது உண்மை இல்லை, மூன்றாவது ஆள்தான் நான். பின்னால் வாகனங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. கடைசியில் பொலிஸ்காரரே, “ஹரி, தாத்தே, யன்ன,” என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். சரி, ஐயா, போங்கள்.

அதில் ஐந்து நிமிடம் போயிற்று. உடனே அத்தையின் போன் வந்தது. ஸ்பீக்கர்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? நேரம் முடியப் போகுது. அடுப்புப் பத்தவச்சாச்சு. நான் அப்பவே சொன்னேன் அந்தப் புள்ள...”

“புள்ள ஓட்டிக்கிட்டிருக்கா. வண்டி ஓடுறப்ப போன் பேசக்கூடாது, அது சட்டம். வை!” என்று அப்பா வெட்டிவிட்டார்.

பதினொன்று பதின்மூன்றுக்கு அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே அடுப்படியில் கூட்டம். அண்ணன் வரும்வரை பொங்கக்கூடாது என்று அத்தை, பால் மேலே எழும்பும்போதெல்லாம் பச்சைப் பாலை ஊற்றி ஊற்றி அமுக்கிக்கொண்டிருந்தார். அரைப் பானைப் பால் இப்போது விளிம்பில் தளும்பியது. வீட்டில் இருந்த பாலெல்லாம் தீர்ந்து, பக்கத்து வீட்டுப் பாலையும் வாங்கி ஊற்றியிருந்தார். அப்பா சீர்த்தட்டோடு நிலையைத் தாண்டினார். அத்தை கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். அந்தப் பானை அத்தனை நேரம் அடக்கியதையெல்லாம் ஒரேயடியாகக் கக்கியது. கிழக்கே பொங்கியதா மேற்கே பொங்கியதா என்ற கேள்வியே எழவில்லை. நாலு பக்கமும் வழிந்து, அடுப்பை அணைத்து, புது டைல்ஸ் தரையில் ஓடி, பூசாரியின் காலை நனைத்தது. தம்புள்ளையிலேயே இப்படி ஒரு பால் பொங்கியதில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். அத்தை ஒரு கையில் துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டே மற்றக் கையால் கும்பிட்டார்.

சாப்பாடு முடிந்தது. மூன்று மணிக்கு அத்தை அப்பாவிடம் வந்தார். நான் கேட்க வேண்டும் என்றே என் பக்கத்தில் நின்று சொன்னார்: “அண்ணே, மாப்பிள்ளையோட சிநேகிதன் வேன்ல மாத்தளைக்குப் போறான். ஏசி இருக்கு. எடமும் இருக்கு. அதுல போங்க.”

வேன்காரர் சிரித்தபடி கதவைத் திறந்து வைத்தார். அப்பா எழுந்து வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஏசி காற்றில் கையை நீட்டிப் பார்த்தார்.

“தம்பி, லைசன்ஸ் வச்சிருக்கீங்களா?”

“வீட்டுல இருக்குங்க. இந்த ரோட்டுல என்னைய யாரு கேக்கப் போறா?”

அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அத்தையிடம், “லைசன்ஸ் இல்லாத வண்டியில நான் ஏறுறதில்ல,” என்றார். சொல்லிவிட்டு வந்து காரின் முன் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

நாவுலை தாண்டியதும் அந்த வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புள்ள, முந்து,” என்றார்.

“வெள்ளைக்கோடுப்பா. முந்தக்கூடாது.”

“கோடு எங்க முடியுது?”

“தெரியல.”

“சரி, நான் பாத்துச் சொல்றேன்,” என்று அப்பா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.