ஏழு தட்டும் ஒரு தூக்குவாளியும்

எங்கள் தெருவில் மத நல்லிணக்கத்துக்குச் சாட்சி கேட்டால் என் முழங்கையைத்தான் காட்ட வேண்டும். பள்ளிவாசலைப் புதுப்பித்துத் திறந்த அன்று நாங்களெல்லாம் நாதஸ்வரம் மேளத்தோடு சீர் எடுத்துப் போனோம். தாம்பாளத்தில் பழம், தேங்காய், வெற்றிலை, இனிப்பு வைத்து, மேலே வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றி, ஒற்றைப்படையில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போவோமே, அதுதான் சீர். ஆவுடையார்கோவில், அறந்தாங்கி பக்கம் இது சாதாரணம். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர்களும் பதிலுக்கு எடுத்து வருவார்கள். எனக்கு அன்றைக்கு அன்னாசிப்பழத் தட்டு. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. பழமும் என் முழங்கையும் மட்டும் நன்றாக விழுந்திருந்தன. விடுவேனா? அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். அக்காவுக்கு மட்டும் நான் 'ஆபீஸரம்மா'. எல்லாம் கிண்டல்தான். அவருடைய ஒரே மகள் பார்மசி படித்து, கல்யாணமாகி, புருஷனோடும் ஐந்து வயதுப் பெண்பிள்ளையோடும் இங்கிலாந்தில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறாள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் வந்தவள் பேசுவதற்கு முன்னாலேயே அழுதாள். பஸ்ஸில் பின்சீட்டு ஆள் ஒருவன் அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்து, ஒங்க ஊருக்குப் போ என்று கத்தினானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்களாம்.

"அதக்கூட விடுங்கம்மா. புள்ள கேக்குது, நாளைக்கு இதக் கட்டாம வர்றியாம்மான்னு."

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியோ இவளைக் கண்டாலே நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாளாம். மூன்று வருஷத்தில் ஒரு குட்மார்னிங் கிடையாது. வேலைக்கு விண்ணப்பம் போட்ட மருந்துக்கடைகளிலிருந்து பதிலே இல்லை.

"நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்துர்றேம்மா. அவரு அங்கிட்டு இருக்கட்டும், நாங்க இங்கிட்டு இருக்கோம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. புருஷன் ஒரு தேசம், பெண்டாட்டி ஒரு தேசம் என்று குடும்பம் பிரிவதை எந்தத் தாய் தாங்குவாள்?

அந்த ஊரிலும் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி இவளைக் கூட்டிப்போய் முக்காட்டை இழுத்தவன்மேல் புகார் எழுதிக் கொடுக்க வைத்திருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் நீள மேஜை போட்டு, தெருவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கலந்து உட்கார்ந்து சாப்பிடவும் ஏற்பாடு செய்திருக்கிறார். சர்ச் ஆட்களும் வருவார்கள், தொழுகைக்கூடத்து ஆட்களும் வருவார்கள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்.

"எம்பக்கத்துல யாரு ஒக்காருவா?" என்று கேட்டாள்.

விஷயம் என் துறைக்கு வந்துவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"டேபிளெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தக் கெழவி வீட்டுக்குச் சீரு எடுத்துட்டுப் போ!" என்றேன்.

அக்காவும் "ஆபீஸரம்மா சொல்றது சரிதான்" என்றார். அவர் என்னோடு ஒத்துப்போவது அபூர்வம். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் போனிலேயே ஏற்பாடு நடந்தது. ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் செய்யும் அல்வாவுக்கு அக்கா பக்குவம் சொன்னார். மற்ற தட்டுகள் என் பொறுப்பு. வெற்றிலை அங்கே கிடைக்கவில்லை. ஏதாவது பச்சையாக வை என்றேன், முட்டைக்கோஸ் இலை வைத்தாள். தூக்குவதற்குத் தொழுகைக்கூடத்துத் தோழிகள் ஆறு பேர். இவளோடு ஏழு. பக்கத்து வீட்டுக்கு எட்டு வைத்தால் நாலடி, அதற்கு என்ன ஊர்வலம் என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் தெருமுனையிலிருந்து கிளம்பச் சொன்னேன். மருமகன் ஒரு போனில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு, இன்னொரு போனில் எங்களுக்குக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். நாங்கள் இங்கே அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

ஏழு முக்காடு வரிசையாக, கையில் மூடிய பொட்டலம், கூடவே புரியாத மேளச்சத்தம். பாதி தெரு தாண்டுவதற்குள் யாரோ போன் போட்டுவிட்டார்கள். போலீஸ் கார் வந்து நின்றது.

இறங்கியவர் இளவட்டம். என்ன போராட்டம், அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். முதல் தட்டின் தாளைப் பிரிக்கச் சொன்னார்.

"அன்னாசி! அன்னாசி!" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுப் போனைப் பார்த்தார். "எங்க சின்னம்மா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மனுஷன் சிரித்துவிட்டார். அதற்குள் தேங்காய்த் தட்டுக்காரிக்குக் கை கடுத்து, ஒரு நிமிஷம் பிடிங்க என்று அவரிடமே நீட்டிவிட்டாள். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை, கூடவே நடந்தார்.

கிழவி கதவைத் திறந்தாள். வாசலில் ஏழு முக்காடு, தேங்காயோடு ஒரு போலீஸ்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று போலீஸிடம்தான் கேட்டாளாம்.

பிறகு தட்டுகளை வாங்கி உள்ளே வைத்தாள். ஒரு நன்றி. கதவைச் சாத்திவிட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா. "தட்டு திரும்பி வரும்ல? அதுல என்னத்த வச்சுக் குடுக்குறாங்கன்னு பாரு."

எங்கள் ஊரில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி சீனியாவது, இரண்டு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் தருவோம்.

"வெறுந்தட்டா வந்துச்சுன்னா நான் டிக்கெட் போட்டுருவேம்மா" என்றாள் மகள்.

நாலாம் நாள் தட்டுகள் அவள் வாசலில் இருந்தன. ஏழும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பளபளவென்று கழுவி, வெறுமையாக. அவள் அதைப் போனில் காட்டிக்கொண்டே விசும்பினாள்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ! "ஒரு புடி சீனிக்கு வக்கில்லையா அந்தக் கெழவிக்கு? என்ன ஊரு அது? நீ கெளம்பி வாடி!" என்று குதித்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு வருஷங்கூடச் சீனி போடாம அனுப்புனதில்ல."

"பின்ன? நான் என்ன அவளாக்கா?"

"கஞ்சிய யாரு குடிச்சா?"

ரமலான் வந்தால் முப்பது வருஷமாக அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். என் மாமியார் இருந்தவரை அது மாட்டுத்தொட்டிக்குப் போனது. கறி போட்டிருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பவரும் அதே மாமியார்தான். அவர் போனார், மாட்டையும் விற்றாயிற்று. அதன் பிறகு நான் சிங்க்கில் ஊற்றினேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. கை பாட்டுக்கு ஊற்றும். பிறகு வாளியைக் கழுவி, சீனி போட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"ஒங்க வீட்டு சிங்க் தண்ணி எங்க கொல்ல வாய்க்கா வழியாத்தான் போவுது" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மகள் வேறு போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெட்கத்தில் என் காதெல்லாம் எரிந்தது.

"தெரிஞ்சுமாக்கா வருஷா வருஷம் குடுத்தீங்க?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம எப்புடிக் குடிக்கிறது?" என்றவர், போனைப் பார்த்து மகளிடம் சொன்னார்: "தட்டக் கெடாசு. அந்தம்மா அல்வாவச் சாப்ட்டாளா, இல்லையா? போய் அதக் கேளு. சாப்பிடலன்னா டிக்கெட் போடு."

அரை மணி நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கிழவி மூன்று நாளாக அல்வாவைத் தனியாளாகத் தின்று தீர்த்திருக்கிறாள். நாய்க்குக்கூடக் கொடுக்கவில்லை. எப்படிச் செய்வது என்று கேட்டாளாம். தேங்காயை உடைக்கத் தெரியாமல் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாளாம். வாங்கிய தட்டைக் கழுவிக் கொடுப்பதுதான் அவர்களுக்கு மரியாதையாம். "ஒன்னப் பாத்தாப் பயமா இருந்துச்சு, எதுக்குப் பயந்தேன்னு எனக்கே தெரியல" என்றும் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் நூலக மேஜையில் இவள் பக்கத்தில் கிழவிதான் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது இவள்கூடவே நாயோடு அதே பஸ்ஸில் ஏறுகிறாள். பிள்ளை நடுவில். மருந்துக்கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. முக்காட்டை இழுத்தவனும் அந்த ஊரில் எங்கோதான் இருப்பான். ஆனாலும் மகள் டிக்கெட் போடவில்லை.

இந்த ரமலானுக்கும் தூக்குவாளி வந்தது. சமையலறையில் நின்றுகொண்டே குடித்தேன். கறி இருந்தது. சூடு பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டேன், நிறுத்தவில்லை. வாளியைக் கழுவினேன். சீனி டப்பாவைத் திறந்து, பிறகு மூடிவிட்டேன். வெறும் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

முப்பது வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.