திருச்சுழி மில்லும் என் ஸ்கோப்பும்

மோட்டார் டிரைவ் ரிப்பேர் என்பது பாதி நாள் ஸ்க்ரூ டிரைவரையும் மீதி நாள் தலையையும் பிடித்துக்கொண்டு உட்காரும் தொழில். அருப்புக்கோட்டையில் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெறும் மல்டிமீட்டரை நம்பிக் கடை திறந்து வைத்திருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

மீட்டருக்கு எல்லாம் சரி

திருச்சுழியில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி, மூன்றாவது முறையாக அதே டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிரைவ் என்றால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. பழையது; கோளாறைச் சொல்ல வேண்டிய திரை என்றோ செத்துப்போனது. என் மேசையில் ஒரு சின்ன மோட்டாரை நாள் முழுக்கச் சுழற்றும். மில்லில் மிளகாயைக் கொட்டியதும் நின்றுவிடும். மீட்டர், வைத்த இடமெல்லாம் சரி என்றது. அவருக்கு வர வேண்டிய மிளகாய் மூட்டைகளோ காரியாபட்டி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"ஏம்மா, ஒங் கடையில மட்டும் ஓடுறதுக்கு எனக்கு எதுக்கு டிரைவு? மில்லைத் தூக்கிட்டு இங்க வரவா?"

உள்ளங்கை ஸ்கோப்

கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் கோளாறைப் பிடிக்க ஆசிலோஸ்கோப் வேண்டும். மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. விலைக்குப் பயந்து, ஆன்லைனில் உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கினேன். டிரைவ் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். இந்தக் குட்டிக்கு அந்த வேகம் எட்டவில்லை. பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அருணாசலம் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, வீரசோழன் பஸ்ஸு போன பெறகு ரோட்டைப் போட்டோ எடுத்த மாதிரில இருக்கு."

நாலு சேனல் மோகம்

இரண்டு சேனல், அதாவது திரையில் ஒரே நேரத்தில் இரண்டு கோடு, போதும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மதுரைக்குப் போனவள், நாலு சேனல் ஸ்கோப்பைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். மோட்டார் வேலைக்கு அதைவிட முக்கியம், கரண்டு உள்ள இடத்தைப் பத்திரமாகத் தொடுவதற்கான தனி புரோப். இரண்டையும் சேர்த்து வாங்கக் கையில் வசதியில்லை. புரோப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பில் போட்ட பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, மோட்டாருக்குன்னு சொன்னீக. அப்ப புரோப்பைத்தான மொதல்ல எடுக்கணும்?"

கறுப்புக் கிளிப்

அண்ணாச்சி எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டிரைவைத் திறந்து, ஓட விட்டு, ஸ்கோப்பின் கறுப்புக் கிளிப்பை டிரைவின் நெகட்டிவில் மாட்டினேன். மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை முதலில் அங்கே வைப்பது என் கைக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். மீட்டரில் அதனால் ஆபத்தில்லை. ஸ்கோப்பின் கிளிப்போ, பிளக்கின் மூன்றாவது கால் வழியாக நேரே எர்த்துக்குப் போகிறது; டிரைவின் நெகட்டிவிலும் கரண்டு உண்டு, அதில் மாட்டினால் ஷார்ட்தான். இது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். டிரைவ் கரிந்தது, ஸ்கோப்பின் திரை அணைந்தது. புகை அடங்கும்வரை அண்ணாச்சி பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னம்மா, கோடு தெரிஞ்சுச்சா?"

மூன்றாவது கால்

துக்கம் விசாரிக்க வந்த அருணாசலம், பல பேர் செய்வதைச் சொன்னான்: பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிட்டால் வெடிக்காது. அப்படி வெட்டினால் ஸ்கோப்பின் உடம்பிலேயே கரண்டு நிற்கும், தொட்டால் கதை முடிந்தது என்றேன். கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப ஸ்கோப்பு பொழச்சுக்கும், நீங்க போயிருவீக. இதுக்கு ஸ்கோப்பே போனது தேவல."

திருச்சுழியில் பத்து நிமிஷம்

எரித்தவள் நான், புது டிரைவ் வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டத்தான் முதல் தடவையாக அந்த மில்லுக்குள் காலெடுத்து வைத்தேன். அதுவரை அரை நாள் கடையடைக்க மனசு வரவில்லை. மிளகாயைக் கொட்டினார். புது டிரைவும் நின்றது. ஆனால் இதன் திரைக்கு உயிர் இருந்தது. உள்ளே வரும் வோல்டேஜ் போதவில்லை என்றது. மெயின் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஃப்யூஸ் கேரியர் கறுத்து, லூசாகிக் கிடந்தது. லோடு ஏறும்போதெல்லாம் கரண்டு அங்கேயே படுத்திருக்கிறது. மாற்றப் பத்து நிமிஷம். மில் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, மிளகாய் நெடி இருந்தது. அண்ணாச்சி கோபப்படவே இல்லை.

"நாந்தான் அன்னைக்கே கேட்டேன்லம்மா, மில்லைத் தூக்கிட்டு வரவான்னு."

ஆகவே சக பாவிகளே, எத்தனை சேனல் ஸ்கோப் வாங்கலாம் என்று மதுரைக்குப் பஸ் ஏறுமுன், திருச்சுழிக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.