நான் கட்டிப்போட்ட பிள்ளை

நல்ல டீச்சர் என்று தூத்துக்குடியில் என்னைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு பிள்ளையின் அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். எனக்கு இருபது வயது. கடற்கரை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில், பள்ளிக்கூட வயசு வராத பிள்ளைகளுக்கென்று வகுப்பு தொடங்கினார்கள். உப்பளத்துக்கும் பஞ்சுக் கிடங்குக்கும் போகிற பெண்கள் விடிந்தும் விடியாமலும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. சின்னப் பிள்ளைகளை அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, மணலும் சோழியும் கொடுத்து விளையாட விட வேண்டும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு மூக்கைத் துடைத்தால் இன்னொன்று மணலைத் தின்றது.

அதில் ஒருவனுக்கு மூன்று வயது. அப்பா கொழும்புத் தோணியில் போனவர், திரும்பவில்லை. அம்மா உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, கதவைத் திறந்தால் கடல். அதனால் அதுவரை அவனைக் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம். முதல் நாள் விட வந்தபோது, "இங்கனயாவது ஓடியாடட்டும் டீச்சர்" என்றாள்.

ஓடினான். முதல் தடவை வாசலில் பிடித்துவிட்டேன். இரண்டாம் தடவை மாட்டுவண்டிக்கார அண்ணாச்சி ஒருவர், இடுப்புவரை நனைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளையப் பாக்காம என்னத்தப் பாக்கீக?" என்றார். ஓர் ஆயா வேண்டும் என்று, வகுப்பை நடத்திய மேனேஜரிடம் போய் நின்றேன்.

"ஊரே அரிசிக்கு வரிசையில நிக்கி, டீச்சருக்கு ஆயா கேக்குதாக்கும்" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். பயத்தில் செய்தேன். மறுநாள் காலை, பழைய சேலை ஒன்றை நீளமாகக் கிழித்து அவன் இடுப்பில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தேன். கட்ட வசதியாக அவனே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

வெட்கக்கேடு, அன்றிலிருந்து நாலு நாள்தான் நான் நன்றாகப் பாடம் நடத்தினேன். மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்று பாடினார்கள். அவன் பக்கத்தில் கிடந்த சோழியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தாய்மார் வருமுன் அவிழ்த்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் பருவம் தப்பி மழை கொட்டியது. உப்பளத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். மத்தியானமே அவள் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். கம்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். உப்பில் வெடித்த விரல்களால் அந்த முடிச்சோடு வெகுநேரம் மல்லுக்கட்டி அவிழ்த்தாள்.

"வீட்டுல கெட்டிப்போட மனசு கேக்கலன்னுதான டீச்சர் இங்கன கொண்டாந்து விட்டேன்."

கடலில் இறங்கினானே, நாற்பது பேராயிற்றே, ஆயா இல்லையே என்று எல்லாம் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அழவே இல்லம்மா. நாலு நாளும் சமத்தா இருந்தான்."

"அழுதிருந்தாம்னா நல்லாருந்திருக்கும்" என்றாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

மறுநாள் முப்பத்தொன்பது பிள்ளைகள். அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான், போய்க் கூப்பிட்டிருக்கலாம். அங்கே கட்டில் காலடியில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று தெரியும். அதனால்தான் போகவில்லை.