சாம்பல் புதனன்று கழுவிய நெற்றி

ஒரகடம் சாலையோரம் இன்று யாரோ காய்ந்த ஓலையை எரித்தார்கள். இப்போது கம்பெனி லாரிகள் நிற்கும் இடத்தில் அப்போதிருந்த, ஓடு வேய்ந்த எங்கள் மாதா கோயில் அந்த வாசனையில் திரும்பி வந்தது.

போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று பூசையில் வாங்கிய ஓலைகளை வீட்டு மாதா படங்களுக்குப் பின்னாலிருந்து உருவி வந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குமுன் கோயில் வாசலில் எரிப்போம். அவை சடசடத்துச் சுருண்டு கரியாகும், அந்தக் கருஞ்சாம்பலால் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் சிலுவை வரைவார், பொழுது சாயும்வரை அதைத் துடைக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பில், முந்தைய வருடக் கேலிக்குப் பயந்து, பள்ளிக் குழாயடியிலேயே அதைக் கழுவிவிட்டேன். என்னோடு பூசைக்கு வந்த ஸ்டெல்லா கழுவவில்லை.

“இன்னாடி, அடுப்புல மூஞ்ச வச்சிக்கினு வந்தியா?” என்று பிள்ளைகள் அவளைச் சூழ்ந்தார்கள். ஒருத்தி என்னிடம் திரும்பினாள். “நீயும் அங்கதான போவ?”

“நான் போவல,” என்றேன்.

“நெசமாடி?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள்.

என் நெற்றியோர முடியில் இன்னும் ஈரம் சொட்டியது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள்.

“ஆமா, அவ வர்ல.”

கோயிலை இடித்த தேதி உட்பட எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். தவக்காலத்தின் முதல் நாளிலேயே அவளைப் பொய் சொல்ல வைத்ததை இதுவரை எழுதியதில்லை.