ஒன்பது நிமிட ஜெபமாலை

எபிபானியா என்ற முழுப்பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டோடு சரி. பொஹோல் கரைக்கு எதிரே கிடக்கும் அந்தச் சின்னத் தீவில் அவள் பானிங். சாவு வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லக் கூப்பிட வருகிறவர்களுக்கு மட்டும் பானிங்கக்கா. மற்றவர்கள் இருபத்தைந்து நிமிடம் இழுப்பதை அவள் ஒன்பது நிமிடத்தில் முடித்துவிடுவாள். ஜெபம் முடிந்ததும் பரிமாறுகிற பன்றிக்கறி ஆறுவதில்லை. சாவு வீட்டில் விழித்திருந்து சீட்டாட வந்தவர்கள் தூங்கி விழுவதில்லை. சாகக் கிடப்பவர்களே அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவளும் அவள்தான்.

"நான் சொல்றது மாதாவுக்கு அப்பவே புரியாது. எழுதி வச்சுக்கிட்டு, சாயங்காலமா உக்காந்து நிதானமாப் படிப்பாங்க," என்பாள்.

தன்னை யாராவது பக்தியுள்ளவள் என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். ஜெபமாலை அவளுக்கு அடுப்படிச் சாமான். முட்டை வேக, மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக உருட்டிச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் நாற்பது. மீன் ஒரு பக்கம் சிவக்கப் பதினைந்து. சுவர்க் கடிகாரம் போன புயலில் நனைந்து நின்றபோது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே ஆணியில் ஜெபமாலையை மாட்டினாள். தீவில் செல்போன்களும் மணி பார்க்க உதவாது. கோயிலின் கிழக்கு ஜன்னலில் மட்டும்தான் சிக்னல். எல்லார் போனும் பிளாஸ்டிக் பைகளில் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த அக்டோபரில் மகள் ஜெனலின் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை கப்பலில். பிரசவம் பார்க்கிற நர்ஸ் ஒடெட் இருந்தது எதிர்க்கரை ஊரில், படகில் அரைமணி நேரம். "வலிக்கும் வலிக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம்னு வந்ததும் கிளம்புங்க. அதுக்கு முன்னாடியே வந்து என் பெஞ்சை அடைச்சுக்கிட்டு உக்காராதீங்க," என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஜெனலின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கோயில்ல போயி போனை எடுத்துட்டு வா. மணி பாக்கணும்."

"போன் பொறக்கிறதுக்கு முன்னாடியே உன்னைப் பெத்தவடி நான்," என்று பானிங் ஜெபமாலையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

ஒரு வலி அடங்கி அடுத்தது தொடங்குவதற்குள் இருபது. மறுபடி எண்ணினாள். இருபதுதான். கோயிலுக்கு நடந்து போய், ஜன்னலுக்குள் தலையை விட்டு, அங்கே தொங்கிய போனில் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நர்சம்மா, இருபது மங்கள வார்த்தைக்கு ஒரு வலி."

ஒடெட்டும் அந்தக் கடற்கரைக்காரிதான். மனதுக்குள் ஒரு மங்கள வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருப்பாள். "அப்படின்னா ஏழு நிமிஷம் ஆகுது. தலைப்பிரசவம் வேற, அவசரமில்ல. மத்தியானம் தண்ணி ஏறினதும் வாங்க. குளிக்கச் சொல்லுங்க."

பானிங் நிம்மதியாக வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்தாள். கஞ்சியில் போட இஞ்சி தட்ட உட்கார்ந்தாள். வெளியே கடல் வற்றத் தொடங்கி, பாறைகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. இன்னும் ஒரு மணி நேரத்தில் படகுகள் மணலில் உட்கார்ந்துவிடும். பிறகு மத்தியானம் வரை யாரும் தீவை விட்டு நகர முடியாது. இருக்கட்டும், நர்ஸே சொல்லிவிட்டாளே.

சித்தப்பா மகன் டொமெங் படகை மேலே இழுத்துக் கட்டப் போகிற வழியில் உள்ளே எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டான்.

"இருபதுன்னா சொன்னே? யாரோட இருபது?"

"மங்கள வார்த்தையில என்னடா யாரோடது?"

"அக்கா, உன்னுதா, இல்ல மனுஷங்களோடதா?"

பானிங் இஞ்சி தட்டுவதை நிறுத்தினாள். தன்னுடைய மூன்று, மற்றவர்களுடைய ஒன்று. முப்பது வருடமாக அவள் பெருமையடித்துக்கொண்ட கணக்கு. நர்ஸ் நினைத்த ஏழு நிமிடம் உண்மையில் இரண்டேகால். உள்ளே ஜெனலின் அலறினாள். போன வலிக்கும் இதற்கும் நடுவே பானிங் இஞ்சியைக்கூடத் தட்டி முடித்திருக்கவில்லை.

அவள் கோயிலுக்கு ஓடினாள். "நர்சம்மா, நான் பொய் சொல்லிட்டேன். என் மங்கள வார்த்தை அரைகுறை. மூணு சேந்தாத்தான் உங்களோடது ஒண்ணு."

எதிர்முனையில் ஒடெட் கேட்டாள்: "எங்க அப்பா துக்கத்துல நீங்கதானே ஜெபம் சொன்னீங்க? அதான் அன்னைக்கே சந்தேகமா இருந்துச்சு. உடனே கிளம்புங்க."

முழங்கால் தண்ணீரில் ஆறு பேர் படகைத் தள்ளினார்கள். அடிப்பலகை இரண்டு இடத்தில் பாறையில் உரசியது. ஆழத்துக்கு வந்ததும் டொமெங் எஞ்சினை முடுக்கினான். ஜெனலின் அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, ஜெபம் சொல்லு."

பானிங் தொடங்கினாள். ஜெனலின் மூச்சு இழுப்பதற்குள் நான்கு முடிந்துவிட்டது.

"மெதுவா! நான் கூடவே மூச்சு விடணும். ஒவ்வொரு வார்த்தையா சொல்லு."

மெதுவாக. பானிங் அதைச் செய்து பார்த்ததே இல்லை. அருள் நிறைந்த மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. அங்கே நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. வேகத்தில் வாய் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. நடந்து போனால் வழி தெரியவில்லை. தீவின் ஜெபக்காரிக்கு நடுக்கடலில் மங்கள வார்த்தை மறந்துபோயிற்று. இதை டொமெங் சாகும்வரை சொல்லிச் சிரிப்பான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"உம்முடைய..." என்று ஜெனலின் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய..."

பானிங் மகளின் வயிற்றைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வரி. அதற்குள் ஒரு வயிறு இருப்பதை அவள் கவனித்ததில்லை.

"திருவயிற்றின் கனியாகிய," என்று திருப்பிச் சொன்னாள், சின்னக் குழந்தை பாடம் படிப்பதுபோல. மறுகரை வரும்வரை அப்படித்தான் சொன்னாள். முன்னால் மகள், பின்னால் அம்மா.

ஒடெட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். ஜெனலினை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பானிங்கை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஈரப் பாவாடையோடு அவள் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உருட்டத் தொடங்கினாள், மனுஷர்கள் சொல்வதுபோல. ஒவ்வொரு வார்த்தையையும் முழுதாகச் சொன்னாள். மூன்றாவது மணியில் உள்ளே கத்தல். ஐந்தாவதில் ஒடெட்டின் அதட்டல். ஏழாவதைப் பாதி சொல்லும்போது ஒரு மெல்லிய, கோபமான அழுகை வந்தது.

ஒடெட் கதவைத் திறந்தாள். "பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வாங்க, பாட்டி."

"வரேன் நர்சம்மா, இன்னும் மூணு மணி பாக்கி இருக்கு," என்றாள் பானிங்.

ஒடெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானிங் ஏழாவதை ஆமென் போட்டு முடித்து, பாக்கி மூன்றையும் பழைய வேகத்தில் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.